போர் 14 நாள், உத்தரவு 1,942 நாள்

டிசம்பர் 16 வந்தால் ஒரே படம் பத்துப் பேரிடமிருந்து என் கைப்பேசிக்கு வந்து சேருகிறது. டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானம், ஒரு சின்ன மேசை, பாகிஸ்தான் தளபதி நியாசி கையெழுத்துப் போடுகிறார், பக்கத்தில் நம் ஜெனரல் அரோரா. படத்துக்குக் கீழே, 1971 போல ஓர் ஆண்டு இனி வருமா என்று ஏக்கமாக ஒரு வரி. அனுப்புகிறவர்கள் எல்லாம் என் வயதுக்காரர்கள், ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், நாலும் படித்தவர்கள். தனித்தனியே பதில் எழுதி அலுத்துவிட்டது. ஆகவே எல்லோருக்குமாக இங்கே ஒரே பதில்.

அந்தப் படத்தில் இருப்பது ஒரு நாள். 1971-இல் மீதி 364 நாள் இருந்தன. அந்த ஆண்டில் கையெழுத்தான வேறு சில காகிதங்களும் இருந்தன. அவற்றை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை. அந்தக் காகிதங்கள்தான் பின்னால் நம் வீட்டு வாசலுக்கு வந்தன என்பது என் வழக்கு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் போருக்கே எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம். மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தன் மக்கள்மீதே பாய்ந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 1 கோடிப் பேர் மேற்கு வங்கத்துக்கும் திரிபுராவுக்கும் அஸ்ஸாமுக்கும் மேகாலயாவுக்கும் ஓடிவந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டோம். டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கின. 16-ஆம் தேதி 93,000 பேர் சரணடைந்தார்கள். ஒரு புதிய நாடு பிறந்தது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்தப் போரில் நியாயம் நம் பக்கம் இருந்தது என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

நியாயமான போர் என்பதாலேயே அதன் பெயரில் செய்ததெல்லாம் நியாயம் என்று ஆகிவிடாது. நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான்.

அந்த ஆண்டைக் கொஞ்சம் முழுதாக நினைவுபடுத்திக்கொள்வோம். ஜனவரி 30-இல் இந்தியன் ஏர்லைன்ஸின் 'கங்கா' விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. அதன் பிறகு பாகிஸ்தான் விமானங்கள் நம் தலைக்கு மேல் பறக்கக் கூடாது என்று தடை வந்தது. கராச்சியிலிருந்து டாக்கா போக வேண்டியவர்கள் நம் தெற்கு முனையைச் சுற்றி, கொழும்பில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போனார்கள். மார்ச்சில் தேர்தல். தில்லியில் இந்திராவுக்கு 352 இடம், இங்கே தி.மு.க.வுக்கு 234-இல் 184. ஆகஸ்ட் 9-இல் சோவியத் ஒப்பந்தம். ஆகஸ்ட் 30-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. அதைப் பற்றி எங்கள் தலைமுறைத் தாய்மார்களைக் கேட்டால், அந்த ஆண்டின் பெரிய போர் அன்றுதான் தொடங்கியது என்பார்கள். டிசம்பர் கடைசியில் சமஸ்தான மன்னர்களின் மானியம் ஒழிந்தது. ஓர் ஆண்டுக்கு இது போதும் போதும் என்கிற அளவு.

இவற்றுக்கு நடுவே மூன்று காகிதங்கள்.

முதல் காகிதம் சின்னது. 5 பைசா அஞ்சல் தலை. நவம்பர் 15 முதல் கடிதம் போடுகிறவர்கள் வழக்கமான தலையோடு அகதிகள் நிவாரணத்துக்கென்று 5 பைசாத் தலை ஒன்றும் ஒட்ட வேண்டும். அவசரத்தில் புதுத் தலை அடிக்க முடியாமல், குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின்மேல் அகதிகள் நிவாரணம் என்று முத்திரை குத்தி விற்றார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. நானும் ஒட்டியிருக்கிறேன், மனமார ஒட்டியிருக்கிறேன். அகதிகளில் பெரும்பாலோர் 1972 தொடக்க மாதங்களிலேயே ஊர் திரும்பிவிட்டார்கள். தலையோ 1973 மார்ச் 31 வரை விற்றது. அகதி போய் ஓராண்டு கழித்துத்தான் அகதி வரி போயிற்று. ஐந்து பைசா விஷயம், பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அரசாங்கத்தின் குணத்தை அறிய அந்த ஐந்து பைசா போதும்.

இரண்டாவது காகிதம் பெரியது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், நம் எல்லோருக்கும் தெரிந்த பெயரில் 'மிசா'. பலர் மிசா 1975-இல் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அது 1971 ஜூலையில் சட்டமானது. எல்லையில் அகதிக் கூட்டம், ஒற்றர் ஊடுருவல், அந்நியக் கை என்று எல்லோரும் பதறிக்கொண்டிருந்த கோடையில், விசாரணை இல்லாமல் ஆளை உள்ளே வைக்கும் அதிகாரம் கேட்டார்கள், கிடைத்தது.

மூன்றாவது காகிதம், டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டிக் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி பிறப்பித்த அவசர நிலைப் பிரகடனம். ஆம், 1971-லேயே. அரசியல் சட்டத்தின் 352-ஆவது பிரிவின்படி. நாடாளுமன்றமும் உடனே ஒப்புதல் தந்தது. குண்டு விழுந்த இரவில் வேறென்ன செய்வார்கள்? அந்த இரவில் நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

என் கேள்வி அடுத்த நாள் காலையைப் பற்றியது. போர் 14 நாளில் முடிந்தது. பிரகடனம் எப்போது முடிந்தது? பூங்காவில் என்னோடு நடக்கும் ஐந்து பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இருவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியவில்லை. அது முடிந்த நாள் 1977 மார்ச் 27. மொரார்ஜி தேசாய் பதவியேற்ற நான்காம் நாள் அது ரத்தானது. முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன், எழுத்தர் பழக்கம். 1,942 நாள்.

இன்னொரு விதமாகச் சொல்கிறேன். 1975 ஜூன் 25 இரவு ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டபோது நாட்டில் ஏற்கெனவே ஓர் அவசர நிலை நடப்பில் இருந்தது. அவர் போட்டது இரண்டாவது பூட்டு. முதல் பூட்டு மூன்றரை ஆண்டாகக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. நாம்தான் பார்க்கவில்லை.

நான் 1973-இல் அரசு வேலைக்கு வந்தவன். தன்பதிவேடும் நடப்புக் கணக்கு எண்ணும் கருவூலப் பட்டியலுமாக முப்பத்தைந்து ஆண்டு ஓட்டினேன். அரசு வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஓர் அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர் பணியிடம் ஒன்று இருந்தால் அதற்கு ஆண்டுதோறும் நீட்டிப்பு ஆணை வாங்க வேண்டும். பணியிடம் ஏன் இன்னும் தேவை என்று காரணம் எழுத வேண்டும். மேலிடம் படித்துக் கையெழுத்திட வேண்டும். ஆணை வர ஒரு மாதம் தாமதமானால் கருவூலம் சம்பளப் பட்டியலைத் திருப்பி அனுப்பிவிடும், தட்டச்சர் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு தட்டச்சருக்கு இந்தப் பாடு.

ஐம்பது கோடிக்கும் மேற்பட்ட மக்களின் பேச்சுரிமையையும் கூட்டம் கூடும் உரிமையையும் நிறுத்திவைத்த பிரகடனத்துக்கு அன்று நீட்டிப்பு ஆணையே தேவைப்படவில்லை. நாடாளுமன்றம் ஒருமுறை ஒப்புக்கொண்டால் போதும், அரசு தானாக எடுக்கும்வரை அது கிடக்கும். அப்படித்தான் அன்றைய சட்டம். காரணம் எழுத வேண்டாம், கணக்குக் காட்ட வேண்டாம்.

கிடந்தால் என்ன, யாருக்கு நஷ்டம் என்று கேட்பார்கள். வரிசையாகப் பார்ப்போம்.

1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம் ஆயிற்று. போர்க் கைதிகளைத் திருப்பி அனுப்புவது இழுத்துக்கொண்டே போனது, அதுவரை பிரகடனத்துக்கு ஒரு சாக்கு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். 1974 ஏப்ரல் கடைசியில் நியாசியும் வாகா எல்லையைத் தாண்டிப் போய்விட்டார். அதோடு சாக்கும் தீர்ந்தது. மே 8-இல் ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. எட்டு மணி நேர வேலை, போனஸ், இவைதான் கோரிக்கை. அரசு எதை எடுத்தது? போருக்காகப் போட்ட இந்தியப் பாதுகாப்பு விதிகளை எடுத்தது. வேலைநிறுத்தமே சட்ட விரோதம் என்றது. தொடங்குவதற்கு முன்பே ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் கைது. அந்த விதிகளின் பேரிலும் மிசாவிலும் நாடெங்கும் பல்லாயிரம் தொழிலாளர்கள் உள்ளே போனார்கள். பாகிஸ்தான் ஜெனரல் வீட்டுக்குப் போன இரண்டு வாரத்துக்குள் நம் ஊர் கலாசியும் கேங்மேனும் தேசத்தின் எதிரிகள் ஆனார்கள்.

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். மின்சார ரயில் சத்தம் கேட்காத தாம்பரத்தை அந்த மே மாதத்தில்தான் கண்டேன். எதிர் வரிசையில் ஒரு ரயில்வே தொழிலாளி குடும்பம். அந்த மனிதர் பல நாள் வீட்டில் தங்கவில்லை. யார் கேட்டாலும் அவர் மனைவி, "ஊருக்குப் போயிருக்காருங்க" என்பார். எந்த ஊர் என்று நாங்களும் கேட்கவில்லை. தேசப் பாதுகாப்புக்கு அவரால் என்ன ஆபத்து என்று அன்று கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ரயில்வேக்காரர்கள் கேட்ட போனஸ் 1979-இல் கிடைத்தது. அன்று நாடு கவிழ்ந்துவிடவில்லை. ஆக அது கூலித் தகராறு. அதற்குப் போர்ச் சட்டம் எதற்கு என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அதே 1974-இல் கடத்தல்காரர்கள்மீது மிசா பாய்ந்தது. ஹாஜி மஸ்தான் பிடிபட்டார். நாடே கைதட்டியது, நாங்களும் தட்டினோம். நவம்பரில் அப்படிப் பிடிபட்டவர்கள் நீதிமன்றம் போகவும் முடியாதபடி குடியரசுத் தலைவர் உத்தரவு வந்தது. எந்த அதிகாரத்தின் பேரில்? 1971 பிரகடனத்தின் பேரில். கடத்தல்காரனுக்காக யார் அழுவார்கள்? யாரும் அழவில்லை. 1975-இல் அதே வழி எல்லோருக்கும் திறந்தது. 1976 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றமே, உள்ளே இருப்பவர் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று சொல்லிவிட்டது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மறுத்தார்.

ஆக, படி ஒவ்வொன்றாக ஏறியிருக்கிறது. முதலில் ஒற்றன், அடுத்து ரயில்வே தொழிலாளி, அடுத்து கடத்தல்காரன், கடைசியில் நீங்களும் நானும். நம்மில் பலர் 1971-க்கு ஒரு கோப்பும் 1975-க்கு ஒரு கோப்பும் தனித்தனியே வைத்திருக்கிறோம். முதல் கோப்பில் துர்க்கை, இரண்டாவதில் சர்வாதிகாரி. எனக்கு இரண்டும் ஒரே கோப்பு. முதல் பக்கத்தில் குத்திய முத்திரைதான் கடைசிப் பக்கத்திலும் இருக்கிறது.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருகிறேன். இந்தப் பாடத்தை நாம் ஒருமுறை படித்து மறந்தவர்கள் அல்ல, மூன்று முறை படித்து மறந்தவர்கள்.

முதல் முறை, சீனப் போர். 1962 அக்டோபர் 26-இல் அவசர நிலை. அண்ணா தம் கட்சியின் போராட்டங்களை நிறுத்தி நாட்டின் பக்கம் நின்றார். திராவிட நாடு கோரிக்கையையே அடுத்த ஆண்டு கைவிட்டார்கள். சீனா நவம்பர் 21-இல் தானாகச் சண்டையை நிறுத்தியது. பிரகடனம் 1968 ஜனவரி 10 வரை நின்றது. நடுவில் 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வந்தபோது, சீனாக்காரனுக்காகச் செய்த பாதுகாப்பு விதிகளில் கருணாநிதியைப் பிடித்துப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தார்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டு மாணவனுக்கும் பீகிங்குக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் முறை, 1971. தி.மு.க. அந்தத் தேர்தலில் இந்திராவோடு கூட்டணி, போரில் முழு ஆதரவு. 1976 ஜனவரி 31-இல் அதே தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. 1971-இல் பிறந்த மிசாவில் அதன் ஆட்கள் சென்னை மத்தியச் சிறைக்குப் போனார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு அங்கே அடிபட்டார், 1977 ஜனவரியில் இறந்தார். சிறையில் நடந்ததை நீதிபதி இஸ்மாயில் விசாரித்து அறிக்கை தந்தார். காமராஜரோ அவசர நிலை நீங்கியதைப் பார்க்காமலேயே 1975 அக்டோபர் 2-இல் போய்ச் சேர்ந்திருந்தார்.

மூன்றாம் முறை, 2002. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 'பொடா' வந்தது. வைகோவின் கட்சி அப்போது தில்லியில் ஆளும் கூட்டணியில் இருந்தது, அந்தச் சட்டத்தை ஆதரித்தது. சட்டம் வந்து நான்கு மாதம் ஆகவில்லை, திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக ஜூலையில் அதே சட்டத்தில் வைகோ கைதானார். வேலூர்ச் சிறையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தார். பேசியது ஒரு பொதுக்கூட்டத்தில், பிடித்தது பயங்கரவாதச் சட்டத்தில்.

இந்தத் தலைவர்களில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. உங்கள் கட்சி உங்களுக்கு. மூன்று தடவையும் நடந்ததை மட்டும் பாருங்கள். அதிகாரத்தை முழுமனதோடு கொடுத்த கைக்குத்தான் முதலில் விலங்கு வந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த நோய் என்றும் எண்ண வேண்டாம். நம் பக்கத்து வீடான இலங்கையில் அதே 1971 மார்ச் 16-இல் அவசர நிலை. ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி. சில வாரங்களில் அது பெரும்பாலும் அடங்கிவிட்டது. அவசர நிலை 1977 பிப்ரவரி வரை போயிற்று. நம்முடையதுக்கு ஏறக்குறைய இரட்டைப் பிள்ளை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் ஊரில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். இந்தோசீனாவையும் அல்ஜீரியாவையும் பார்த்து வந்தவர்கள். அவர்கள் துப்பாக்கி தூக்கிய அல்ஜீரியாவை, பிரெஞ்சு அரசு போர் என்றே சொல்லாது. 'நிகழ்ச்சிகள்' என்று சொல்லும். அது போர்தான் என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டப்படி ஒப்புக்கொண்டது 1999-இல். நடக்கும்போது பெயர் இல்லாத போர், அதன் சட்டங்களுக்கு மட்டும் பெயர் உண்டு. 1955-இல் அல்ஜீரியாவுக்காக ஓர் அவசர நிலைச் சட்டம் செய்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 2005-இல், பாரிஸ் புறநகர்ப் பையன்கள் கார்களைக் கொளுத்தியபோது அதே சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். அல்ஜீரியா 1962-லேயே சுதந்திரம் வாங்கிவிட்டிருந்தது.

1961 ஏப்ரலில் அல்ஜியர்ஸில் நான்கு ஜெனரல்கள் கலகம் செய்தார்கள். தெகோல் அரசியல் சட்டத்தின் 16-ஆவது பிரிவைக் கையிலெடுத்து எல்லா அதிகாரத்தையும் தன்னிடம் வைத்துக்கொண்டார். கலகம் நான்கைந்து நாளில் அடங்கியது. அதிகாரத்தை அவர் திருப்பிக் கொடுத்தது செப்டம்பர் 29-இல். தெகோல் பெரிய மனிதர், எங்கள் ஆசிரியர்கள் அவரைப் போற்றிச் சொல்லித்தான் வளர்ந்தோம். பெரிய மனிதருக்கே ஐந்து மாதம் ஆயிற்று என்பதுதான் இதில் பாடம்.

மறுப்புகளுக்கு வருகிறேன்.

போர்க்காலத்தில் கேள்வி கேட்டால் எதிரிக்குத்தான் லாபம் என்கிறார்கள். முதல் உலகப் போரில் பிரான்சில் கிளெமான்சோ என்று ஒருவர் இருந்தார். 'சுதந்திர மனிதன்' என்ற பெயரில் பத்திரிகை நடத்தினார். 1914-இல் தணிக்கைக்காரர்கள் நிறுத்தியதும், அதன் பெயரை 'விலங்கிட்ட மனிதன்' என்று மாற்றி மறுபடி அச்சடித்தார். போர் முழுக்க அரசைக் குடைந்தெடுத்தார். 1917 நவம்பரில் அந்த மனிதரையே பிரதமர் ஆக்கினார்கள். போரை ஜெயித்தவர் அவர்தான். இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942 ஜூலையில், லண்டன் நாடாளுமன்றத்தில் சர்ச்சில்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானமே கொண்டுவந்தார்கள். அது 475-க்கு 25 என்று தோற்றது. தீர்மானம் கொண்டுவந்ததால் ஹிட்லர் ஜெயித்துவிடவில்லை.

அடுத்தது, தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம், ரயில் நேரத்துக்கு ஓடியதே என்பது. ரயில் நேரத்துக்கு ஓடியதை நானும் பார்த்தேன். அந்த ரயிலை ஓட்டியவர்கள் ஓராண்டு முன் எங்கே இருந்தார்கள் என்பதையும் மேலே எழுதியிருக்கிறேன். எட்டு மணி நேர வேலை கேட்பது தப்பு என்றால் நம்மில் யார் தப்பு செய்யாதவர்? அகவிலைப்படி நிலுவைக்காக மதிய இடைவேளையில் வாயிற்கூட்டம் போட்டவர்கள்தானே நாமெல்லாம்?

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. இது பழங்கதை, 44-ஆவது திருத்தத்தில் சரிசெய்துவிட்டார்கள் என்பது. பாதி உண்மை. 1978-இல் ஜனதா ஆட்சி கொண்டுவந்த அந்தத் திருத்தம் நல்ல காரியம். அமைச்சரவை எழுத்தில் சொல்ல வேண்டும், நாடாளுமன்றம் ஒரு மாதத்துக்குள் ஒப்ப வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் ஒப்ப வேண்டும், உயிர் வாழும் உரிமையை எந்த அவசர நிலையிலும் நிறுத்த முடியாது. தட்டச்சர் பணியிடத்துக்கு இருந்த நீட்டிப்பு ஆணை முறை அப்போதுதான் நாட்டுக்கும் வந்தது. அதன் பிறகு வெளிப் போரைக் காரணம் காட்டி யாரும் அவசர நிலை அறிவிக்கவில்லை, 1999 கார்கில் போரின்போதுகூட. பிரான்சிலும் 2008-இல் 16-ஆவது பிரிவுக்கு இப்படி ஒரு கடிவாளம் போட்டார்கள்.

மீதிப் பாதி என்ன? அந்தத் திருத்தம் பிரகடனத்தைக் கட்டுப்படுத்தியது. சட்டங்களைக் கட்டுப்படுத்தவில்லை. பொடா வந்தபோது எந்த அவசர நிலையும் இல்லை. 1985-இல் பஞ்சாபை முன்வைத்து வந்த 'தடா'வும் அப்படித்தான். தடாவில் ஒரே ஒரு நல்ல அம்சம் இருந்தது, காலக்கெடு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்துக்கு வந்து நீட்டிப்புக் கேட்க வேண்டும். பல முறை கேட்டார்கள், கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கேள்வி கூடியது. 1995 மே மாதம் கேட்கவே துணிவில்லாமல் விட்டுவிட்டார்கள், சட்டம் தானாகச் செத்தது. காலக்கெடு என்ற சின்ன வரிக்கு எவ்வளவு பலம் என்பதற்கு எனக்குத் தெரிந்த சாட்சி இது. அந்த வரி இல்லாத சட்டங்கள் கிழவனுக்குக் கிழவனாக இன்னும் உயிரோடு இருக்கின்றன. நாகர் பகுதியை மனத்தில் வைத்து 1958-இல் செய்த ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்துக்கு 2025-இல் 67 வயது. நம்மை 58-இல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், 2025 மே மாதத்துக்காக. பஹல்காமில் ஏப்ரல் 22-இல் 26 பேரைக் கொன்றார்கள். மே 7-இல் நம் படை திருப்பி அடித்தது. அன்று கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. கல்பாக்கம் இங்கே சிறுசேரியிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை, ஆகவே பூங்கா பெஞ்சில் அன்று நல்ல சூடு. வங்கியில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர் சொன்னார், "எமர்ஜென்சி போடணும் சார். கேள்வி கேக்கறவன எல்லாம் ஆறு மாசம் உள்ள வச்சா நாடு உருப்படும்." நான், "ஆறு மாசம்னு யார் சார் எழுதிக் கொடுப்பாங்க?" என்றேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனார்.

மே 10-இல் சண்டை நின்றது. அவசர நிலை எதுவும் அறிவிக்கப்படவில்லை, அதற்காக நான் மகிழ்கிறேன். என் கவலை அரசைப் பற்றி அன்று இல்லை, பெஞ்சைப் பற்றி. அரசு கேட்பதற்கு முன்பே எடுத்துக்கொள் என்று நீட்டுகிறோமே, அதைப் பற்றி. அதுவும் யார்? 1976-ஐ உடம்போடு பார்த்த தலைமுறை. சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு 1971 ஒரு சினிமா, அவர்கள் அப்படிப் பேசினால் மன்னிக்கலாம். நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. போருக்காக எந்த அதிகாரம் கேட்டாலும் கொடுங்கள், முடியும் தேதியை அதே தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். தேதி வந்ததும் இன்னும் ஏன் வேண்டும் என்று காரணம் கேளுங்கள். எதற்காகக் கொடுத்தோமோ அதைத் தவிர வேறெதற்கும் பயன்படக் கூடாது என்றும் அதில் எழுதச் சொல்லுங்கள். ஒரு தட்டச்சர் பணியிடத்துக்குச் செய்ததை ஒரு தேசத்துக்குச் செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான். உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் வாக்குக் கேட்டு வரும்போது இதைக் கேளுங்கள். சாலை, குடிநீர், கால்வாய் எல்லாம் கேட்கிறோம், இதையும் சேர்த்துக் கேட்டால் குறைந்துவிட மாட்டோம்.

டாக்கா படத்தை அடுத்த ஆண்டும் அனுப்புங்கள், பார்த்து மகிழ்கிறேன். கூடவே 1977 மார்ச் 27 என்று ஒரு தேதியையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பேரப் பிள்ளைகள் போர் எப்போது முடிந்தது என்று கேட்டால், இரண்டு தேதியையும் சொல்லுங்கள்.